தனிமையுணர்வு: பணியிடத்திற்குத் தேவையான ஒரு சொல்

பணியிட நலம் பற்றி எழுதும்போது 'லோன்லினெஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பெரும்பாலும் 'தனிமை' என்றே தமிழாக்குகிறோம். அது போதாது. அருகில் ஆள் இல்லாமல் வேலை செய்வது ஒரு நிலை. நூறு பேர் அமர்ந்திருக்கும் கூடத்தில், தான் இருப்பதையும் இல்லாததையும் எவரும் பொருட்படுத்துவதில்லை என்று உள்ளுக்குள் வாடுவது வேறொன்று.

ஆங்கிலச் சொல்லின் மூலம் 'முற்றிலும் ஒருவராய்' எனப் பொருள்படும் 'அலோன்'. அதன் முதலெழுத்து தேய்ந்து 'லோன்' ஆகி, அதிலிருந்து 'லோன்லி' பிறந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது துணையற்று இருக்கும் நிலையையே குறித்தது. மனத்துயர் என்னும் பொருள் பிற்பாடுதான் அதில் ஏறியது.

தமிழில் 'தனி' என்பதற்கு ஒப்பற்றது என்ற பொருளும் உண்டு. வள்ளலாரின் 'தனிப்பெருங்கருணை' அப்படிப்பட்டது. ஔவையாரின் தனிப்பாடலோ 'இனிது இனிது ஏகாந்தம் இனிது' என்கிறது. ஆகவே 'தனிமை' என்று மட்டும் எழுதினால் அதில் துன்பம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. துயரைச் சுமந்த பழஞ்சொல் நம்மிடம் இருந்தது: சொற்களுக்குப் பொருள் கூறும் தொல்காப்பிய உரியியல் 'புலம்பே தனிமை' என்கிறது. சங்கப் பாடல்களில் பிரிவால் வாடுபவரின் நிலையைச் சொல்ல இச்சொல் வருகிறது. இன்று 'புலம்பு' வாய்விட்டு அரற்றுவதையே குறிப்பதால், அதை அலுவலக வழக்கில் மீட்பது குழப்பத்தையே தரும். 'தனிமையுணர்வு' என்பதே தெளிவான நிகரன் என்பது என் துணிபு. தொடர்புகள் குறைந்த புறநிலையைத் 'தொடர்பின்மை' எனலாம். 'தனிமைப்படுத்தல்' அதற்குப் பொருந்தாது; அது கொரோனாக் காலத்திலிருந்து நோயாளியைப் பிரித்து வைப்பதோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்தப் பாகுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஜப்பானில் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், உணர்வைக் குறிக்கும் 'கோதோகு', புறநிலையைக் குறிக்கும் 'கோரிட்சு' ஆகிய இரு சொற்களையும் தன் பெயரிலேயே கொண்டிருக்கிறது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அலுவலர் 2022இல் வெளியிட்ட பணியிட மனநல வழிகாட்டி, பிணைப்பையும் சமூகத்தையும் ஐந்து அடிப்படைகளுள் ஒன்றாக வைத்தது.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கோ, இரவுப் பணியில் ஒற்றையாய்க் காவல் இருப்பவருக்கோ உள்ள தொடர்பின்மையை, முறையாக ஏற்பாடு செய்த சந்திப்புகளால் குறைக்கலாம். தனிமையுணர்வுக்கு அந்த மருந்து பல நேரங்களில் பலிப்பதில்லை. கூட்டங்களின் எண்ணிக்கை கூடக் கூட, பேச வாய்ப்பே பெறாதவரின் வாட்டமும் கூடக்கூடும். மேலாளர் அவருடைய கருத்தைக் கேட்டு அதன்படி ஒன்றையாவது மாற்றுவதும், செய்த வேலைக்கு அவர் பெயரைச் சொல்வதும், புதிதாகச் சேர்ந்தவருக்குத் தயங்காமல் கேட்கக்கூடிய ஒரு சகஊழியரை முதல் மாதங்களில் துணையாக்குவதும்தான் அங்கே வேண்டியவை. ஊழியர் கருத்துக் கணிப்புகளிலும் 'தனிமையில் இருக்கிறீர்களா?' என்று கேட்டால், தனியறையில் நிறைவாக வேலை செய்பவரும் 'ஆம்' என்றே எழுதுவார். 'இங்கே மனம்விட்டுப் பேச உங்களுக்கு ஒருவர் உண்டா?' என்று கேட்பதே பொருத்தம்.