கட்சி தாவினால் தொகுதி காலியாகுமா? 49ஏ விதியை வாக்காளர் அறிந்துகொள்ள

2018 மே 9ஆம் தேதி நடந்தது மலேசியாவில் அதுவரை காணாதது. சுதந்திரம் கிடைத்த நாளிலிருந்து, முதலில் அலையன்ஸ் என்றும் பிறகு தேசிய முன்னணி என்றும் 61 ஆண்டுகள் ஆண்டவர்களை மக்கள் வாக்குச்சீட்டால் இறக்கினார்கள். புதிய அரசாங்கம் 22 மாதம்தான் தாங்கியது. 2020 பிப்ரவரி இறுதியில் ‘ஷெராட்டன் நகர்வு’ என்று இன்றும் சொல்லப்படும் கட்சி மாற்றம் நடந்தது. 24ஆம் தேதி பிரதமர் பதவி விலகினார். மார்ச் 1ஆம் தேதி வேறொரு பிரதமர் பதவியேற்றார். இடையில் பொதுத் தேர்தல் எதுவும் இல்லை. நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் பெரும்பான்மைக்கு வேண்டிய 112 யார் பக்கம் என்ற கணக்கு மட்டும் மாறியது. பினாங்கின் பிறையிலும் பட்டர்வொர்த்திலும் விடியற்காலையிலேயே வரிசையில் நின்று வாக்களித்தவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பழைய ஆட்சியை வீழ்த்திவிடலாம், ஆனால் பழைய பழக்கம் புதியவர்களோடு சேர்ந்தே உள்ளே வந்துவிடுகிறது என்பதை அந்த ஒரு வாரம் காட்டியது. தொகுதியைத் தன் சொந்தச் சொத்துபோல் எடுத்துக்கொண்டு போகும் அந்தப் பழக்கத்துக்குப் போட்ட கடிவாளம்தான் கூட்டரசு அரசியலமைப்பின் 49ஏ விதி. மக்களவையில் 2022 ஜூலை 28ஆம் தேதி 209 பேர் ஆதரவுடன் நிறைவேறி, அக்டோபர் 5 முதல் நடப்பில் உள்ளது.

ஒரு கட்சியின் சார்பில் வென்ற நாடாளுமன்ற உறுப்பினர் அந்தக் கட்சியிலிருந்து விலகினாலும், வேறு காரணத்தால் உறுப்பினர் தகுதியை இழந்தாலும் தொகுதி காலியாகும். சுயேச்சையாக வென்றவர் பிறகு ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தாலும் அதே கதிதான். விதிவிலக்கு மூன்று உண்டு: கட்சி கலைக்கப்படுவது அல்லது அதன் பதிவு ரத்தாவது, சபாநாயகராகத் தேர்வு பெற்றதால் கட்சியிலிருந்து விலகுவது, கட்சியே அவரை நீக்குவது.

பெரிய ஓட்டை மூன்றாவதில்தான் இருக்கிறது. தலைமையை எதிர்த்துப் பேசினார் என்பதற்காக ஒருவரை நீக்கி, அவர் பதவியையும் பறித்துவிடக்கூடாது என்பது அதன் நோக்கம், நியாயமான நோக்கம்தான். ஆனால் தாவ நினைப்பவர் விலகல் கடிதம் கொடுக்காமல், கட்சியே தன்னை வெளியேற்றும்வரை காத்திருந்தால் போதும். 2020இல் அந்த ஷெராட்டன் நகர்வின்போது பிகேஆர் கட்சி தன் மூத்த தலைவர்கள் இருவரை நீக்கியது. இந்த விதி அன்றே இருந்திருந்தாலும் அவர்கள் இருவர் மீதும் பாய்ந்திருக்காது. அதேபோல், கட்சி மொத்தமாக அணி மாறும்போது கட்சியோடு கூடவே போகும் உறுப்பினர் எதையும் இழப்பதில்லை. கட்சியில் இருந்துகொண்டே மறுபக்கத்துக்கு ஆதரவு தெரிவிப்பதும் இந்த விதியின் வாசகத்தில் இல்லை.

கடைசியாகச் சொன்னது 2023 இறுதியிலும் 2024 தொடக்கத்திலும் உண்மையாகவே நடந்தது. எதிர்க்கட்சியான பெர்சத்துவின் ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சியை விட்டு விலகாமலே பிரதமருக்கு ஆதரவு தெரிவித்தார்கள். 2024 மார்ச்சில் அந்தக் கட்சி தன் சட்டவிதிகளைத் திருத்தி, இப்படிச் செய்பவர் தானாகவே உறுப்பினர் தகுதியை இழப்பார் என்று எழுதிக்கொண்டது. நீக்கினால் தொகுதி காலியாகாது, ‘தகுதி இழந்தார்’ என்றால் காலியாகும் என்பதே அதன் கணக்கு. ஆனால் மக்களவைச் சபாநாயகர் 2024 ஜூலையில் ஆறு இடங்களும் காலியில்லை என்று முடிவு சொன்னார். அந்த ஆறு பேரில் குவா மூசாங் உறுப்பினர் கிளந்தான் மாநிலத்தில் நெங்கிரி சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தார். கிளந்தான் சபாநாயகரோ நெங்கிரி காலி என்று அறிவித்தார். ஆகஸ்ட் 17ஆம் தேதி இடைத்தேர்தலும் நடந்தது. ஆள் ஒருவர், காரணம் ஒன்று, முடிவு இரண்டு. காலியா இல்லையா என்று உறுதிசெய்யும் பொறுப்பு சபாநாயகர் கையில் இருப்பதால் வரும் விளைவு இது.

நடைமுறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். தொகுதி காலியானது என்று எழுத்துபூர்வமாகச் சபாநாயகருக்குத் தெரிவிக்க அவை உறுப்பினர் ஒருவரால்தான் முடியும். வாக்காளர் நேரடியாக மனுக் கொடுக்க வழியில்லை. கடிதம் கிடைத்த 21 நாளுக்குள் சபாநாயகர் உறுதிசெய்து தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதிலிருந்து 60 நாளுக்குள் இடைத்தேர்தல். தாவியவரே திரும்பவும் நிற்கலாம். பதவி விலகியவருக்கு முன்பு இருந்த ஐந்தாண்டுத் தடை இந்தத் திருத்தத்தோடு எடுக்கப்பட்டுவிட்டது. அவர் செய்தது சரியா தவறா என்று தொகுதி மக்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று விட்டது நல்லதே.

காலவரம்பு ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. நாடாளுமன்றத்தின் ஐந்தாண்டுத் தவணை முடிய இரண்டு ஆண்டுக்கும் குறைவாக இருந்தால் இடைத்தேர்தல் கிடையாது. ஆளும் பெரும்பான்மை அதனால் பாதிக்கப்படுகிறது என்று சபாநாயகர் எழுதித் தெரிவித்தால் மட்டுமே உண்டு. 15ஆவது நாடாளுமன்றம் முதலில் கூடியது 2022 டிசம்பர் 19ஆம் தேதி. ஆகவே 2025 டிசம்பர் 19க்குப் பிறகு இந்தத் தவணையில் காலியாகும் இடம் அடுத்த பொதுத் தேர்தல்வரை அப்படியே கிடக்கலாம்.

பினாங்கு இந்த விஷயத்தில் முன்னோடி மாநிலம். கிளந்தான் கொண்டுவந்த தாவல் தடையை, கட்சியில் சேரும் சுதந்திரத்துக்கு எதிரானது என்று 1992இல் நாட்டின் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டிருந்தது. அந்தத் தீர்ப்பு நிற்கும்போதே 2012இல் பினாங்கு தன் மாநில அரசியலமைப்பில் 14ஏ விதியைச் சேர்த்தது. நான்கு சட்டமன்ற உறுப்பினர்கள் அதை எதிர்த்து வழக்காட, 2022 ஆகஸ்ட் 3ஆம் தேதி இன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருக்கும் கூட்டரசு நீதிமன்றம் 14ஏ செல்லும் என்றது. 2023 மார்ச் 6ஆம் தேதி சட்டமன்றம் தீர்மானம் போட்டு செபராங் ஜெயா, பெர்தாம், தெலுக் பாஹாங், சுங்கை ஆச்சே ஆகிய அவர்களுடைய நான்கு இடங்களையும் காலியாக்கியது. மத்திய விதி வந்ததால் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் அது தானாகப் பொருந்திவிடும் என்று நினைக்க வேண்டாம். மாநிலம் தன் அரசியலமைப்பில் எழுதியிருக்கும் வாசகத்தையே பார்க்க வேண்டும்.

இடைத்தேர்தல் வந்தால் வாக்களிக்க உங்கள் பெயர் அந்தத் தொகுதிப் பட்டியலில் இருக்க வேண்டும். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயதான குடிமக்கள் தானாகவே பதிவாகிறார்கள். ஆனால் முகவரி தானாக மாறாது. ஜோர்ஜ்டவுனிலிருந்து பத்து கவானுக்கு வீடு மாறியவர் தேசியப் பதிவிலாகாவான ஜேபிஎன்னில் ஐசி (அடையாள அட்டை) முகவரியை மாற்றுவதோடு நின்றுவிட்டால், வாக்கு பழைய இடத்திலேயே இருக்கும். ஐசி மாறியபின் தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், இணையத்திலும் செய்யலாம். பட்டியல் அரசிதழில் வெளியான பிறகே புதிய தொகுதி உங்களுடையது. தொகுதி காலியான செய்தி கேட்டபின் ஓடினால் நேரம் போதாது. ஐசி எண்ணைக் கொடுத்து ஆணையத்தின் இணையப் பக்கத்தில் இன்றே சரிபாருங்கள். வீட்டில் 18 நிறைந்த பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.