ஸ்கிரீனிங்: திரையா, சல்லடையா?

காலாப்பட்டில் உயிரியல் படிக்கும் மாணவி ஒருவர், தமிழ்க் கட்டுரை ஒன்றில் 'ஆர்.என்.ஏ.ஐ. ஸ்கிரீன்' (மரபணுக்களை ஒவ்வொன்றாக ஒடுக்கி, விளைவைப் பார்க்கும் சோதனை) என்பதை 'மரபணு ஒடுக்கத் திரையிடல்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்த அவருடைய அப்பா, "எந்தத் தியேட்டரில் போடுகிறார்கள்?" என்று கேட்டாராம்.

நியாயமான கேள்விதான். ஆங்கிலத்துக்குப் பழைய வட பிரெஞ்சு வழியாக வந்த 'ஸ்கிரீன்' என்ற சொல், முதலில் அடுப்பின் வெக்கையைத் தடுக்கும் மறைப்பைக் குறித்தது. திரை என்ற பொருள் அதிலிருந்து வந்தது. பின்னாளில் மணலும் நிலக்கரியும் சலிக்கும் சல்லடைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆய்வகத்துக்குப் போனது இந்தச் சல்லடைக் கிளை. நாமோ திரையைப் பிடித்துக்கொண்டோம்.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டும் இடம் எதிலாவது நின்று பாருங்கள். கம்பிவலை அடித்த சட்டத்தைக் கழியால் முட்டுக்கொடுத்துச் சாய்த்து வைத்து, அதன்மேல் மணலை வீசுவார்கள். பொடி பின்னால் விழும். கப்பியும் கிளிஞ்சலும் முன்னால் சரியும். பூச்சுவேலைக்குச் சிறிய கண், கட்டுவேலைக்குப் பெரிய கண்.

ஆய்வகத்தில் மணலுக்குப் பதில் மரபணுக்கள். ஆர்.என்.ஏ. துணுக்கால் ஒரு மரபணுவை ஒடுக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை (அதுதான் ஆர்.என்.ஏ.ஐ.) ஃபயர், மெல்லோ என்ற அறிவியலாளர்கள் 1998-இல் ஒரு புழுவில் விளக்கினார்கள். 2006-இல் நோபல் பரிசு பெற்றார்கள். 16 வரிசை, 24 பத்தி, ஆக 384 குழிகள் கொண்ட தட்டில், குழிக்கு ஒரு மரபணுவாக ஒடுக்கி, செல்கள் என்ன ஆகின்றன என்று அளக்கிறார்கள். எந்த அளவு 'வித்தியாசமானது' என்று சொல்லும் சல்லடைக்கண் புள்ளியியலிடம் இருக்கிறது.

கண் பிசகினால் என்ன ஆகும்? ஐந்து குழிகளின் அளவுகள் 98, 100, 101, 103, 20 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 84.4, அளவுகளின் சிதறலைச் சொல்லும் திட்ட விலக்கம் 36. 20 என்ற அளவு சராசரியிலிருந்து 1.8 விலக்கம்தான் தள்ளி நிற்கிறது. 'வித்தியாசமானது' என்று சொல்ல மூன்று விலக்கம் வேண்டும் என்றால், கண்ணுக்கு முன் கிடக்கும் கல் வலையில் நழுவிவிடுகிறது, ஏனென்றால் சராசரியையும் விலக்கத்தையும் கெடுத்ததே அந்தக் கல்தான். சராசரிக்குப் பதில், வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவை எடுங்கள்: 100. அதிலிருந்து உள்ள விலகல்களின் இடைநிலை 2, திட்ட விலக்கத்தோடு ஒப்பிட வழக்கமான 1.4826-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 3. இப்போது 20 என்பது 27 மடங்கு விலகி நிற்கிறது. ஒரு பெரிய கல்லுக்காக வளைந்துகொடுக்காத வலை இது.

தட்டின் ஓரக் குழிகள் சீக்கிரம் உலர்வது வேறு தொல்லை. வரிசைக்கும் பத்திக்கும் இடைநிலையைத் திரும்பத் திரும்பக் கழிக்கும், புள்ளியியலாளர் டூக்கியின் முறையால் அதைச் சரிசெய்கிறார்கள். ஒடுக்கும் துணுக்கு வேறு மரபணுவையும் தொட்டுவிடலாம் என்பதால், ஒரே மரபணுவுக்குப் பல துணுக்குகளை வைத்து ஒத்துப்போகிறதா என்றும் பார்ப்பார்கள்.

தமிழில் புடைத்தலும் கொழித்தலும் உண்டு. அவை முறத்தைப் பிடித்த கையின் பழக்கம். அளந்த கண் அவற்றில் இல்லை. ஆகவே என் தேர்வு 'சலித்தெடுப்பு'. சலிப்பு என்றால் அலுப்பும்தானே என்பார்கள். மாதக்கணக்கில் தட்டு தட்டாக அளந்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.

சோதனையில் வித்தியாசமாகப் பிடிபடும் மரபணுவைச் சொல்லும் 'ஹிட்' என்பதற்கு 'தேறியது' போதும், "சலித்ததில் எவ்வளவு தேறியது?" என்று நாம் எப்போதும் கேட்பதுதான். சுருக்கி 'தேறல்' ஆக்க ஆசை வரும். ஆனால் தேறல் தெளிந்த மது. யவனர் தந்த தேறலைப் புறநானூறு பேசுகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியலாளர் வீலர் தோண்டியபோது யவனரின் மதுச்சாடித் துண்டுகளும் கிடைத்தன. 'தேறல் பட்டியல்' என்று எழுதினால் புதுச்சேரியில் விலையும் கேட்பார்கள்.