போட்டோவைப் பெரிதாக்கலாம், மணியைப் பெரிதாக்க முடியாது

தை பிறந்துவிட்டால் போதும், காரைக்குடியில் இருக்கும் என் பட்டறைக்குப் பாதியில் நின்றுபோன பிளவுஸ்கள் வரத் தொடங்கிவிடும். ஆரி (கொக்கி ஊசியால் போடும் பூவேலை) வகுப்பு முடித்த பெண்கள், தங்கள் கல்யாணத்துக்குத் தாங்களே மணி வேலை செய்து போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசையாக ஆரம்பித்தவை. "அக்கா, எப்படியாவது சரி பண்ணிக் குடுங்க" என்று நீட்டும்போதே குரல் உடைந்திருக்கும். கடைசியாக வந்தது முதுகில் ஒரு மயில். கழுத்து கோணிப்போய், முகத்தில் பாதியைக் கண்ணே அடைத்துக்கொண்டு, சுற்றியுள்ள பட்டெல்லாம் சுருங்கிக் கிடந்தது. தைத்த பெண்ணின் கை சுத்தமான கை. தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. தப்பு நடந்தது ஊசி எடுப்பதற்கு முன்னால். இதையே திரும்பத் திரும்பப் பார்த்து மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

வருகிற எல்லாரிடமும் போனில் ஒரு போட்டோ இருக்கிறது. அந்தப் போட்டோதான் டிசைன் என்று நினைக்கிறார்கள். இல்லை. பென்சில் கோட்டுக்குப் பருமன் கிடையாது, மணிக்கு உண்டு. நாம் அதிகம் வாங்கும் 11-ஆம் நம்பர் மணி சுமார் 2 மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள இதழுக்குள் ஐந்து வரிசைதான் போகும். ஓரக்கோட்டுக்கு இரண்டு போனால் மிச்சம் மூன்று. அந்த மூன்றுக்குள் அரக்கில் தொடங்கி ரோஸாகி வெள்ளையில் முடிய வேண்டும் என்றால் நிறத்துக்கு ஒரு வரிசைதான் கிடைக்கும். படத்தில் இருக்கும் அந்த மெல்லிய நிழல் வராது, மூன்று பட்டைதான் தெரியும்.

மயிலின் கண்ணுக்கும் இதே கதைதான். நடுவில் ஒரு மணி, அதை ஒட்டி ஆறு மணி. இதுதான் மணியால் நிரப்பக்கூடிய மிகச் சின்ன வட்டம், அதற்கே 6 மில்லிமீட்டர் போய்விடும். 15-ஆம் நம்பர் எடுத்தால் நாலரை மில்லிமீட்டருக்கு இறங்கலாம். (நம்பர் கூடக் கூட மணி சின்னதாகும். இதைத் தெரியாமல் பெரிய மணி வேண்டும் என்று 15 வாங்கி வருகிறவர்களும் உண்டு.) அதற்கும் சின்னக் கண் வேண்டுமா? ஒற்றை மணியை வைத்து நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவே அழகாக இருக்கும்.

விரலால் இழுத்தால் போட்டோ பெரிதாகும், மணி அப்படியேதான் இருக்கும். அந்தப் படத்தில் இருக்கும் முதுகு எத்தனை அங்குலம், என்ன நம்பர் மணி, கீழே என்ன துணி, ஒன்றும் உங்களுக்குத் தெரியாது. இப்போது வரும் சில படங்கள் யாரும் தைத்தவையே இல்லை, கம்ப்யூட்டர் வரைந்தவை. மணிக்கு ஓட்டை எங்கே, நூல் எங்கே போகிறது என்றே அதில் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு "எனக்கு வரலையே அக்கா" என்று ஒரு பெண் அழும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. அது யாருக்கும் வராதம்மா! வகுப்பு நடத்துகிறவர்களிடமும் ஒரு வார்த்தை: டிரேஸ் தாளை (டிசைன் வரைந்த தாளை)க் கையில் கொடுத்துத் தைக்கச் சொல்வதோடு நிறுத்திவிடாதீர்கள். படத்தை மணி அளவுக்கு எப்படிக் குறைப்பது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

சரி, எப்படி வரைவது? பென்சிலை வைத்துவிட்டு, 2 மில்லிமீட்டர் பருமனில் எழுதும் ஸ்கெட்ச் பேனாவை எடுங்கள். முதுகின் உண்மையான அளவுக்குத் தாள் வெட்டி அதில் வரையுங்கள். அந்தப் பேனாவால் வரைய முடிந்தது மணியால் வரும். பேனாவில் அப்பிக்கொள்ளும் இடம் மணியிலும் அப்பிக்கொள்ளும்.

உருவத்துக்கு எங்கெங்கோ தேட வேண்டியதில்லை. வீட்டுத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லைக் குனிந்து பாருங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, அறை அறையாக நிறச் சிமெண்டை ஊற்றிச் செய்வது. நிறத்துக்கு நிறம் தெளிவான எல்லை, ஒன்றுக்குள் ஒன்று கரைவது கிடையாது. மணிக்கு அதுதான் தேவை. நடுவீட்டுக் கோலத்தின் கோடுகள் ஒற்றை வரிசை மணியில் அப்படியே உட்காரும். கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைக் கட்டத்தாளில் எண்ணிப் போட்டுவிடலாம். முதல் வேலைக்கு இவற்றில் ஒன்றை எடுங்கள். மயிலும் யானையும் அப்புறம் பார்க்கலாம்.

அடுத்தது, தயவுசெய்து ஒரு அங்குலச் சதுரம் தைத்துப் பாருங்கள். நீங்கள் போடப்போகும் அதே துணியில், அதே லைனிங் கொடுத்து, அதே மணியில். 11-ஆம் நம்பரில் நெருக்கி நிரப்பினால் 200 மணிக்குக் கொஞ்சம் மேலே, சுமார் 2 கிராம். முதுகில் 6-க்கு 8 அங்குலம் முழுக்க நிரப்ப நினைக்கிறீர்களா? 48 சதுரம், பத்தாயிரத்துக்கு மேல் மணி, கிட்டத்தட்ட 100 கிராம் கண்ணாடி. மெல்லிய பட்டு அதைத் தாங்காது, இழுத்துத் தொங்கும். ஒரு சதுரத்துக்கு 40 நிமிஷம் ஆனால் மொத்தத்துக்கு 32 மணி நேரம். முகூர்த்தத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது, தினமும் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று அப்போதே கணக்குப் போட்டுவிடலாம். பெரும்பாலும் பாதியைக் காலியாக விட்டால்தான் கணக்குச் சரியாக வரும். காலி இடம் இருந்தால்தான் மணியும் எடுப்பாகத் தெரியும்.

உடம்பில் எந்த இடம் என்பதையும் யோசியுங்கள். அக்குள், பக்கத் தையல் இரண்டிலும் மணி கூடாது. தையல்காரர் மிஷினை ஓட்டும்போது கண்ணாடி மணியில் பட்டு ஊசி முறியும், திட்டு உங்களுக்குத்தான் விழும். துணியை வெட்டிவிட்டு வேலை செய்யாதீர்கள், வேலையை முடித்துவிட்டு வெட்டுங்கள். இடது தோளில் முந்தானை உட்காரும் இடத்தில் கூர்மையான எதுவும் வேண்டாம், பட்டு இழை பிடித்து இழுக்கும். நகரத்தார் வீட்டுக் கல்யாணம் என்றால் இன்னொன்றும் உண்டு. திருப்பூட்டியதும் (தாலி கட்டியதும்) கழுத்துரு என்ற பெரிய தங்கத் தாலி மார்பை மறைத்துவிடும். அத்தனை கனமான தங்கம் மணி மேல் உரசிக்கொண்டே இருக்கும். முன்கழுத்தில் மாதக்கணக்கில் தைத்தது கண்ணுக்கும் தெரியாது, உரசித் தேயவும் செய்யும். அந்த உழைப்பைக் கைக்கும் முதுகுக்கும் கொடுங்கள்.

நிறத்தைப் பாக்கெட்டில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் மணி, கீழே இருக்கும் துணியின் நிறத்தையும் நூலின் நிறத்தையும் வாங்கிக்கொள்ளும். துணி மேல் கொட்டி, வளவில் (முற்றத்தில்) விழும் வெயிலில் ஒருமுறை, உள்ளறை விளக்கில் ஒருமுறை பாருங்கள். ஆறடி தள்ளி நின்று பார்த்தால் மெரூனும் காப்பிக் கலரும் ஒன்றாகிவிடும்.

சாயம் ஏற்றிய மணிகளில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாலு மணியை ஈர வெள்ளைத் துணியில் தேயுங்கள். இன்னும் நாலை நெயில்பாலிஷ் ரிமூவரில் ஊறப்போடுங்கள். கொஞ்சம் மணியை அட்டையில் ஒட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி ஒரு வாரம் மொட்டை மாடியில் வையுங்கள். நம்ம ஊர் வெயிலுக்கும் வேர்வைக்கும் தாங்காத மணி அங்கேயே காட்டிக் கொடுத்துவிடும். கண்ணாடி மணி கையில் சில்லென்றிருக்கும். பிளாஸ்டிக் அப்படி இருக்காது, இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிவிடும்.

மண்ணெண்ணெயில் ஜிங்க் பவுடர் குழைத்து டிசைனைத் துணியில் டிரேஸ் எடுப்பதெல்லாம் தெரிந்ததுதான், அதை விடுங்கள். ஆனால் முடிச்சை விடாதீர்கள். ஆரியில் மணி போட்டால் ஒரே சங்கிலிதான். ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையே கழன்றுகொண்டு போகும். இதழுக்கு இதழ் முடிச்சுப் போடுங்கள். குழாய் மணியின் விளிம்பு நூலை அறுக்கும். ஊசியில் தைத்தால் இரண்டு முனையிலும் ஒவ்வொரு சின்ன மணி சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள்.

பெட்டகத்தில் ஆயாவின் (பாட்டியின்) பழைய மணி வேலைப்பாடு இருந்தால், அதைப் பிரித்து மணி எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நூல் இற்றுப்போயிருந்தாலும் சரி, தண்ணீரில் நனைக்காமல் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அந்த வடிவத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு புது மணியில் தையுங்கள். வேலையும் நிற்கும், ஆயாவின் பொருளும் நிற்கும்.

மணி வாங்கும்போது ஒரே லாட்டில், கணக்குப் போட்டதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து வாங்கிவிடுங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கடைக்குப் போனால் அதே பச்சை கிடைப்பது நிச்சயமில்லை. மிஞ்சியதை நம்பர், கடைப் பெயர் எழுதிய கவரில் போட்டு, பிளவுஸ் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். கல்யாணத்தன்று பத்து மணிகள் உதிரத்தான் செய்யும். அதைத் திரும்பத் தைக்க அந்தக் கவர் வேண்டும்.