டிரிப் ஆகிற ஹீட்டரை 'டைரக்ட்' கொடுத்து ஓட்டாதீர்கள்

சென்னையில் ஐப்பசி மழை பிடித்ததும் வாட்டர் ஹீட்டர் ரிப்பேர் பார்க்கிற எங்களுக்கு போன் வர ஆரம்பித்துவிடும். வெயில் காலம் முழுக்கச் சும்மா கிடந்த ஹீட்டரை அன்றைக்குத்தான் போடுவார்கள், உடனே வீட்டில் மொத்த கரண்டும் போய்விடும். "ஹீட்டர் போட்டா மெயின் விழுந்துடுதுங்க, கொஞ்சம் வந்து பாருங்க" என்பார்கள். இப்படிக் கூப்பிடுபவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. "போன வருஷமே ஒருத்தர் சரி பண்ணிட்டார், இப்ப டிரிப் ஆகறதில்லை, குழாயைத் தொட்டாத்தான் லேசா சுள்ளுங்குது" என்று சொல்கிறார்களே, அவர்கள் வீட்டுக்குத்தான் அடித்துப் பிடித்து ஓடுவேன்.

அப்படிப்பட்ட வீட்டில் போர்டைத் திறந்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற சுவிட்சான ஆர்சிசிபியைத் தாண்டி வயரை நேராகக் கொடுத்திருப்பார்கள். இல்லையென்றால் ஹீட்டருக்குப் போகிற எர்த் வயரைக் கழற்றி, டேப் சுற்றி ஓரமாக ஒதுக்கியிருப்பார்கள். இரண்டிலுமே டிரிப் ஆவது நின்றுவிடும், கரண்ட் கசிவு நிற்காது. அதுவரை எர்த் வழியாகத் தரைக்குப் போன கரண்ட், எர்த் இல்லாவிட்டாலோ சரியில்லாவிட்டாலோ குளிக்கிறவர் உடம்பு வழியாகப் போகப் பார்க்கும். ஈரக் காலோடு நின்று, ஈரக் கையால் குழாயைத் திறக்கிற இடம் பாத்ரூம். அங்கே இந்த வேலையைச் செய்வது உயிரோடு விளையாடுவதுதான்.

டிரிப் ஆகும்போது எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். எம்சிபி என்பது அளவுக்கு மேல் லோடு போனாலோ, ஷார்ட் ஆனாலோ விழும். ஆர்சிசிபி அப்படியில்லை. ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் வகை. அந்த அளவுக்கு வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும். ஒருவர் உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தால் 16 ஆம்பியர் எம்சிபிக்குத் தெரியக்கூடத் தெரியாது. அதனால் "எம்சிபிதான் இருக்கே, போதாதா?" என்று கேட்டால், போதாது. ஆர்சிசிபியில் டெஸ்ட் பட்டன் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் விழ வேண்டும். விழவில்லையென்றால் ஹீட்டரைத் தொடுவதற்கு முன்னால் அதை மாற்றுங்கள்.

சரி, ஆர்சிசிபி ஏன் விழுகிறது? பெரும்பாலும் காயில்தான் காரணம். காயில் என்று நாம் சொல்வது தண்ணீரைச் சூடாக்குகிற உலோகக் குழாய். அதற்குள்ளே நிக்ரோம் கம்பி இருக்கும், அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு பொடி இறுக்கமாக நிரப்பியிருக்கும். கரண்டைக் குழாய்க்கு விடாமல் தடுத்து, சூட்டை மட்டும் கடத்துவது அந்தப் பொடியின் வேலை. போர் தண்ணீர் வீடுகளில் குழாயின் மேல் உப்பு படிந்துகொண்டே போகும். உள்ளே உண்டாகிற சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் குழாயிலேயே தங்கி, ஒருநாள் மயிரிழை அளவுக்கு விரிசல் விடும். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கினால் கசிவு தொடங்கிவிடும். மாதக்கணக்கில் போடாமல் விட்ட ஹீட்டரிலும் அந்தப் பொடி காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொண்டு, முதல் நாள் டிரிப் ஆவதுண்டு. எந்த வகை என்பதை மெகர் (கரண்ட் கசிகிறதா என்று அளக்கிற கருவி) வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். வெறும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்ல சார்" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

எர்த்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஜிஐ பைப் இருந்தது. கசிகிற கரண்ட் ஓரளவு அந்த இரும்பு வழியாகவே தரைக்கு இறங்கிவிடும். இப்போது எல்லாம் சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப். ஹீட்டரின் உடம்புக்கும் தரைக்கும் நடுவில் அந்த ஒரு பச்சை வயரை விட்டால் ஒழுங்கான வழி வேறு கிடையாது. எர்த் குழியில் பல வருஷமாகத் தண்ணீரே ஊற்றாமல் காய்ந்து கிடந்தால் வயர் இருந்தும் பயன் குறைவு. சிலர் எர்த் சரியில்லை என்று சாக்கெட்டிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடுகிறார்கள். எங்கேயாவது நியூட்ரல் விட்டுப்போனால் ஹீட்டர் உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்கும். யார் செய்து கொடுத்தாலும் உடனே பிரிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் பிளக். 2000 வாட்ஸ் ஹீட்டர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட்ஸ் இன்ஸ்டன்ட் ஹீட்டர் 13 ஆம்பியர். இதை 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாட்டவே கூடாது. ஹீட்டர் ஓடி முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு, கை ஈரமில்லாமல் பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டாலோ, பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருந்தாலோ, உள்ளே கம்பி லூசாக இருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினால் போதாது, சாக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

"தண்ணி சரியா சுடலை" என்ற புகாரில் பாதிக்குக் காரணம் ஹீட்டரே இல்லை. 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட்ஸ் ஹீட்டருக்கு எப்படியும் 18, 20 நிமிஷம் ஆகும். 25 லிட்டருக்கு அரை மணி நேரத்துக்கு மேல். ஐந்து நிமிஷத்தில் போய்க் குளித்துவிட்டு ஹீட்டரைக் குறை சொல்லக் கூடாது. அரை மணி நேரம் விட்டும் வெதுவெதுப்பாகத்தான் வருகிறதா? ஹீட்டருக்குத் தண்ணீர் போகிற வால்வை மூடிவிட்டு, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், வேறு எங்கேயோ பச்சைத் தண்ணீர் சுடுதண்ணீர் லைனுக்குள் கலக்கிறது. பெரும்பாலும் ஷவர் மிக்ஸரில் இரண்டு பக்கமும் திறந்து வைத்து, கைஷவரின் முனையில் மட்டும் மூடியிருப்பார்கள். காசு செலவில்லாமல் அங்கேயே முடிந்துபோகிற விஷயம். இதற்குக் காயிலை மாற்றிக் காசு வாங்கிப் போனவர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீர் சுத்தமாகச் சுடவே இல்லை, ஆனால் கரண்ட் வருகிறது என்றால் தெர்மோஸ்டாட் (வைத்த சூட்டில் நிறுத்துவது), கட்-அவுட், காயில் மூன்றில் ஒன்று போயிருக்கும். இதில் கட்-அவுட் மட்டும் கவனம். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு சூடு ஏறிக்கொண்டே போகும்போது கடைசியாகத் தடுப்பது அதுதான். அது ஒருமுறை விழுந்திருந்தால் தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகப்பட வேண்டும். பட்டனை அமுக்கிவிட்டு, அல்லது இரண்டு வயரையும் முறுக்கி 'டைரக்ட்' கொடுத்துவிட்டு யாராவது கிளம்பினால் விடாதீர்கள்.

அதற்குக் காரணம் சேஃப்டி வால்வோடு சேர்த்துப் பார்த்தால் புரியும். ஹீட்டர் ஓடும்போது கீழே உள்ள வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் 60 டிகிரிக்குப் போகும்போது ஒரு டம்ளர் அளவு, கிட்டத்தட்ட 200 மில்லி, கூடுதலாகிறது. உள்ளே வருகிற பக்கம் நான்-ரிட்டர்ன் வால்வு இருப்பதால் அது திரும்பிப் போக முடியாது. அழுத்தம் ஏறி அந்த வழியாகத்தான் வெளியே வரும். சூடாகும்போது சொட்டி, பிறகு நின்றுவிட்டால் வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஹீட்டர் அணைத்திருக்கும்போதும் சொட்டிக்கொண்டே இருந்தால் வால்வுக்குள் உப்பு மாட்டியிருக்கலாம், அல்லது பிரஷர் பம்ப் அதிக அழுத்தம் கொடுக்கலாம். வால்வை மாற்றுங்கள், பம்பின் அழுத்தத்தைக் குறையுங்கள். அந்த வாயை எம்-சீல் வைத்தோ எண்ட் கேப் போட்டோ அடைத்துவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வால்வை அடைத்து, கட்-அவுட்டையும் டைரக்ட் கொடுத்து, தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டால், உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்க முடியாமல் அழுத்தத்தில் நிற்கும். டேங்க் பிளக்கிற கணத்தில் அது ஒரேயடியாக நீராவியாகும். சுவரே பெயர்ந்துவிடும்.

உப்பு விஷயத்துக்கு வருகிறேன். மேடவாக்கம், மடிப்பாக்கம் பக்கமெல்லாம் போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கிற வீடுகளில் காயிலைக் கழற்றினால், குழாயே தெரியாத அளவுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியிருக்கும். டேங்கின் அடியில் கையை விட்டால் செதில் செதிலாக வரும். கொதிக்கிற மாதிரி சத்தம், நாளாக ஆகச் சூடாகத் தாமதம், இதெல்லாம் அதன் அறிகுறிகள். சூடு கூடக் கூட உப்பு வேகமாகப் படியும். அதனால் டயலை எப்போதும் கடைசி வரை திருப்பி வைக்காமல் 55, 60 டிகிரியில் விடுங்கள். அந்தச் சூட்டிலும் குழந்தைகளின் தோல் சில விநாடிகளில் வெந்துவிடும் என்பதால், வாளியில் எப்போதும் பச்சைத் தண்ணீரை முதலில் பிடியுங்கள். உப்புத் தண்ணீர் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்வது நல்லது. டாய்லெட் ஆசிட் ஊற்றிக் கழுவ மட்டும் யாரையும் விடாதீர்கள், காயிலும் சேர்ந்து போய்விடும்.

அப்போதே ஆனோட் ராடையும் காட்டச் சொல்லுங்கள். அது விரல் கனத்தில் இருக்கிற மெக்னீசியக் கம்பி. டேங்கின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரித்துப் போவதற்காகவே வைத்திருப்பது. மெலிந்து நடுக்கம்பி தெரிந்தால் மாற்ற வேண்டிய நேரம். விலை சில நூறு ரூபாய்தான் இருக்கும். அதை விட்டால் அடுத்தது டேங்க், டேங்க் ஓட்டையானால் புது ஹீட்டர்தான். சுடுதண்ணீரில் மட்டும் அழுகின முட்டை வாடை வருகிறதென்றால், போர் தண்ணீரில் இருக்கிற சல்பேட்டும் பாக்டீரியாவும் இந்த மெக்னீசியத்தோடு சேர்ந்து செய்கிற வேலையாக இருக்கலாம். அலுமினிய-துத்தநாக ராடு போட்டால் பெரும்பாலும் குறையும். ராடே இல்லாமல் விடாதீர்கள்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக. எரிவாயு எரியக் காற்று வேண்டும். சின்ன பாத்ரூமில் கதவு, ஜன்னல் மூடி ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று உணர்வதற்குள் கதவைத் திறக்கக் கை வராது. கீசர் பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும், புகை வெளியே போக வழி வேண்டும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். உங்கள் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டியிருந்தால், அடுத்த குளியலுக்கு அடுப்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, அதை இந்த வாரமே வெளியே மாற்றுங்கள்.