விரைகழற்று ஏந்தி: ஒரு சொல் விளக்கம்

வேட்டை ரைபிளின் மேல் அமரும் தொலைநோக்குக் கருவியை, திருப்புளியோ சாவியோ இல்லாமல், ஒரு சிறு நெம்புகோலை விரலால் திருப்பி நொடிகளில் எடுக்கவும், எடுத்ததைப் பழைய இடத்திலேயே மீண்டும் அமர்த்தவும் இடந்தரும் உலோகப் பிடிப்பை ஆங்கிலத்தில் ‘குயிக் டிட்டாச்சபிள் ஸ்கோப் மவுண்ட்’ என்பர். பேச்சில் அது ‘கியூடி மவுண்ட்’ என்று சுருங்கும். இதற்கு ‘விரைகழற்று ஏந்தி’ என்ற தமிழ்ச் சொல்லை நான் முன்வைக்கிறேன்.

வட சென்னையில் ‘மவுண்ட்’ புதிய சொல் அன்று. வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் உள்ள வண்டிப் பட்டறைகளில் மவுண்ட் என்றால், எஞ்சினைச் சட்டகத்தோடு பிணைத்து அதிர்வைத் தாங்கும் ரப்பர்க் கட்டை என்று பொருள். அதே பட்டறைக்காரர் உதிரிப்பாகம் வாங்கப் புறப்படும்போது ‘மவுண்ட் ரோடு’ போவதாகச் சொல்வார். அந்த மவுண்ட், சாலை சென்று சேரும் பரங்கிமலை. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இலத்தீனில் ‘மோன்ஸ்’ என்றால் மலை. அதிலிருந்து மேலே ஏறுதல் என்ற பொருளில் ‘மோந்தே’ என்ற பிரெஞ்சு வினை பிறந்தது. ஏறுதல் என்பது ஏற்றி வைத்தல் என்று விரிந்து, கடைசியில் ஏற்றி வைக்கப்பட்ட பொருளைப் பிடித்து நிற்கும் உறுப்புக்கே பெயராயிற்று.

‘ஸ்கோப்’ என்பதன் கதை இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் ‘ஸ்கோபோஸ்’ என்ற சொல்லுக்குப் பார்ப்பவன் என்றும், பார்க்கப்படும் இலக்கு என்றும் இரு பொருளும் உண்டு. பார்த்தல் என்ற பொருளை ஒட்டித் தொலைவைப் பார்க்கும் ‘டெலஸ்கோப்’ 1611-ஆம் ஆண்டு கலிலியோவின் கருவிக்குப் பெயராகச் சூட்டப்பட்டது. துப்பாக்கியின் ஸ்கோப் அதன் சுருக்கம். இலக்கு என்ற பொருளோ இத்தாலிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, நோக்கம், எல்லை, வாய்ப்பு என்று விரிந்தது. ‘இந்தப் படிப்புக்கு நல்ல ஸ்கோப் இருக்கு’ என்று பெரம்பூரில் ஒரு தந்தை சொல்வதும், கைபேசி விளையாட்டில் ‘ஸ்கோப் போடு’ என்று அவர் மகன் கத்துவதும் ஒரே கிரேக்கச் சொல்லின் இரு கிளைகள். பார்த்தல், இலக்கு என்ற இரு பொருளையும் ஒன்றாக ஏற்கும் தமிழ்ச் சொல் ‘குறிநோக்கி’. ‘தொலைநோக்கி’ என்றால் வான்நோக்குக் கருவி என்றோ, இரு கண்ணாலும் பார்க்கும் பைனாகுலர் என்றோ மயக்கம் வரும். குறிநோக்கி என்பதில் அந்த மயக்கம் இல்லை.

‘குயிக்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் உயிருள்ள என்று பொருள். உயிர்ப்பு துடிப்பாகி, துடிப்பு விரைவாயிற்று. ‘டிட்டாச்’ பிணைப்பை விடுவித்தலைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்.

இந்த விடுவித்தலைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். ‘கழல்’ தன்வினை, ‘கழற்று’ பிறவினை. பிரிவால் மெலிந்த தலைவியின் முன்கையிலிருந்து வளை கழலுவதாகச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். அங்கே யாரும் வளையைக் கழற்றவில்லை, அது தானே நெகிழ்ந்து விழுகிறது. குறிநோக்கியின் ஏந்தி ஒருபோதும் கழலக்கூடாது. சுடுபவர் விரும்பும்போது மட்டும் அதைக் கழற்ற முடிய வேண்டும். ஆகவே ‘கழல் ஏந்தி’ என்று யாரேனும் சுருக்கி எழுதினால், அது இந்தக் கருவியின் நேர் எதிர்ப் பொருளைத் தந்துவிடும். பேச்சில் ‘கழட்டு’ என்கிறோம். எழுத்தில் றகரம் வருவதே முறை. ‘விரைகழற்று’ என்பது சற்று நீளமாக இருந்தாலும், அந்த ஓர் எழுத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆங்கிலப் பெயர் கழற்றுவதை மட்டும் சொல்கிறது. கருவியின் உண்மையான மதிப்போ அது திரும்ப அமர்வதில் இருக்கிறது. குறிநோக்கியைப் பிடிக்கும் இரு வளையங்களுக்கு இடையே 10 செ.மீ. தொலைவு இருக்கிறது என்று கொள்வோம். மீண்டும் பூட்டும்போது பின்வளையம் 0.1 மி.மீ., அதாவது ஒரு தாளின் தடிமன் அளவு பக்கவாட்டில் விலகி அமர்ந்தால், 100 மீட்டரில் குண்டு 10 செ.மீ. விலகிப் பாயும். மானின் நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பட்டு, விலங்கு நெடுநேரம் துன்புற அந்த விலகல் போதும். எனவே ஏந்தியின் கால்களும் ரைபிளின் மேலுள்ள தளமும் மிக நுட்பமாகக் கடையப்பட்டிருக்க வேண்டும். ஒரு லேத்துத் தொழிலாளி இதை எவரும் விளக்காமலே உணர்வார். பூட்டும் முறையிலும் ஒழுங்கு உண்டு. ரைபிள் பின்னோக்கி உதைக்கும்போது குறிநோக்கி தன் நிலைமத்தால் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது, அதாவது ரைபிளை நோக்க முன்னே நகரப் பார்க்கிறது. அதனால், தளத்தின் பள்ளத்தில் முன்விளிம்போடு முட்டும்வரை ஏந்தியைக் குழல்வாய்ப் பக்கமாகத் தள்ளிவிட்டுப் பிறகே நெம்புகோலை இறுக்குகிறார்கள். இந்தத் திரும்பி அமரும் தன்மைக்கு ஆங்கிலத்தில் ‘ரிட்டர்ன் டு ஜீரோ’ என்று பெயர். தமிழில் ‘குறிமீட்சி’ என்பது போதும்.

இத்தனை நுட்பத்தோடு ஏன் கழற்ற வேண்டும்? காயம்பட்ட காட்டெருமையை ஆப்பிரிக்கப் புதருக்குள் தேடிச் செல்பவருக்கு விலங்கு சில மீட்டர் தொலைவில் எதிர்ப்படலாம். பெருக்கிக் காட்டும் குறிநோக்கியில் அப்போது தெரிவது வெறும் கரிய தோல் மட்டுமே. கண்ணைச் சரியான தொலைவில் வைக்கவும் நேரமில்லை. குறிநோக்கியை முன்பே கழற்றிவிட்டால், குழலின் மேலுள்ள, கண்ணாடி இல்லாமல் வெறுங்கண்ணால் குறிபார்க்க உதவும் முன்குறியும் பின்குறியும் உடனே பார்வைக்கு வரும். கீழே விழுந்து கண்ணாடி உடைந்தாலோ, மழையில் உட்புறம் பனித்தாலோ, வேட்டை அத்தோடு முடிந்துவிடாமல் காப்பதும் அதே வழிதான். ஐரோப்பாவில் அந்திக்கு ஒளி மிகுந்த பெரிய குறிநோக்கியையும், பகலில் ஓடும் பன்றிக்குப் பெருக்கம் குறைந்த சிறியதையும் ஒரே ரைபிளில் மாற்றிப் பூட்டுவது வழக்கம். நெடும்பயணத்தில் குறிநோக்கியைத் தனியே பொதிந்து கொண்டுபோவதும் எளிது.

கருவி புதிதன்று. துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன ஜெர்மானிய நகரமான சூலின் பெயரால் வழங்கும் கொக்கி வகை ஏந்தி மிகப் பழையது. முன்கொக்கியை மாட்டிப் பின்புறத்தை அழுத்தினால் அது பூட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் 1923-இல் தொடங்கிய கிரிஃபின் அண்ட் ஹோ நிறுவனம், பக்கவாட்டு நெம்புகோல் கொண்ட ஏந்திக்காகப் பெயர்பெற்றது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு ரைபிள்களில் குறிபார்த்துச் சுடுவோருக்கென மாற்றியமைக்கப்பட்ட வகையில், குறிநோக்கியின் ஏந்தி இரு கைத்திருகுகளால் பூட்டப்பட்டது. எந்த ரைபிளுக்கு உரியதோ அதன் எண்ணை ஏந்தியில் பொறித்தார்கள், ஒன்றின் ஏந்தி மற்றொன்றில் குறி மீளாது என்பதால். அந்த என்ஃபீல்டு என்ற ஊர்ப்பெயர் திருவொற்றியூருக்கு நன்றாகத் தெரியும். இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கி ஆலைக்கு உதிரிப்பாகம் செய்துகொடுத்த மிதிவண்டி நிறுவனம் அதன் பெயரைத் தான் தாங்கிக்கொண்டது. 1950-களில் அந்தப் பெயர் மோட்டார் சைக்கிளோடு திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது. பின்னர் 1995-இல் அமெரிக்கப் படை வரையறுத்த பிக்காட்டின்னி தளம் பள்ளங்களுக்குப் பொது அளவு தந்தது. அதன் பிறகு ஒரு நிறுவனத்தின் ஏந்தியை இன்னொருவர் செய்த ரைபிளில் பூட்ட முடிந்தது. இன்று இக்கருவி பரவலாகக் கிடைப்பதற்கு அதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

எல்லா ரைபிளுக்கும் இது தேவை என்று சொல்ல மாட்டேன். முன்குறியும் பின்குறியும் இல்லாமலே விற்கப்படும் ரைபிள்கள் இன்று ஏராளம்; அவற்றில் குறிநோக்கியைக் கழற்றினால் சுடுவதற்கு எதுவும் மிஞ்சாது. திறந்த வெளியில் 200 மீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடுபவருக்கு, திருகால் நிலையாக இறுக்கிய ஏந்தியே எடை குறைந்தது, விலையும் குறைந்தது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்திருப்பதால், இங்கே இந்தச் சொல் வெளிநாட்டு வேட்டை பற்றிய எழுத்திலும் மொழிபெயர்ப்பிலும்தான் பெரிதும் தேவைப்படும்.

இனி, ‘ஏந்தி’ ஏன்? ‘தாங்கி’ என்பதைப் பொறியியல் தமிழ் ஏற்கெனவே பேரிங்குக்குக் கொடுத்துவிட்டது. ‘பொருத்தி’ என்றால் பொருத்துகிற ஆளோ கருவியோ என்ற ஐயம் எழும். ஏந்துதல் கையில் உயர்த்திப் பிடித்தலைக் குறிப்பதால், ரைபிளுக்கு மேலே குறிநோக்கியைப் பிடித்து நிற்கும் உறுப்புக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது. மாட்டும் செயலுக்குப் ‘பூட்டுதல்’ என்ற வினை சிறந்தது; வில்லில் நாண் பூட்டினார்கள், ஏரில் மாடு பூட்டினார்கள், இரண்டையும் வேலை முடிந்ததும் அவிழ்த்தார்கள். நெம்புகோலின் அடியில் இறுக்கத்தைத் தரும் கேம் என்ற உறுப்புக்கு ‘நெம்புருள்’ என்ற சொல் இருக்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் இப்படி அமையலாம்: ‘புதருக்குள் நுழையுமுன் அவர் நெம்புகோலைத் திருப்பி விரைகழற்று ஏந்தியோடு குறிநோக்கியைக் கழற்றிப் பையில் வைத்தார், மறுநாள் காலை அதைப் பூட்டி, இலக்குப் பலகையில் ஒருமுறை சுட்டுக் குறிமீட்சியைச் சரிபார்த்தார்.’