பக்கத்து பிராந்தியத்திடம் பாடம் கேட்க ஒரு திட்டம்: இன்டர்ரெக் ஐரோப்பாவும் தொழில் குழுமக் கொள்கையும்

ஒரே தொழிலில் இருக்கும் நிறுவனங்கள், அவற்றுக்கு உதிரிபாகமும் இயந்திரமும் தருபவர்கள், அந்தத் தொழிலுக்கு ஆள் பயிற்றுவிக்கும் கல்லூரிகள், ஆய்வகங்கள் எல்லாம் ஒரே வட்டாரத்தில் நெருங்கி இருந்தால் அதைத் தொழில் குழுமம் என்கிறார்கள். கிளஸ்டர் என்று சொன்னால் இன்னும் பலருக்குப் புரியும். ஒரு தொழில் ஒரே இடத்தில் குவிவதால் என்ன நன்மை என்பதை இங்கிலாந்துப் பொருளாதார அறிஞர் ஆல்ஃபிரட் மார்ஷல் 1890 இலேயே எழுதிவிட்டார். நூறு ஆண்டு கழித்து, 1990 இல், ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் அதையே நாடுகளின் போட்டித் திறனோடு இணைத்துப் பேசினார். அதற்குப் பிறகுதான் அரசுகளுக்கு இதில் ஆர்வம் வந்தது. குறிப்பாக ஐரோப்பாவில், தேசிய அரசுக்குக் கீழே இருக்கும் பிராந்திய அரசுகளுக்கு.

குழுமம் பெரும்பாலும் தானாக வளர்ந்த ஒன்று. அரசு செய்வது, அதற்கு ஓர் ஒருங்கிணைப்பு அமைப்பு உருவாக உதவுவது, அதன் மேலாளர் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுப்பது, நிறுவனங்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுக்கு மானியம் தருவது, இவ்வளவுதான். ஆனால் யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு, எத்தனை ஆண்டு, எப்போது நிறுத்துவது? இந்தக் கேள்விகளுக்குப் பாடப்புத்தகத்தில் தெளிவான பதில் கிடையாது. ஏற்கெனவே செய்து பார்த்து, பணம் செலவழித்து, சிலவற்றில் தோற்றும் போன இன்னொரு அரசிடம்தான் பதில் இருக்கும். அங்கே போய்க் கேட்டுவரச் செலவு கொடுப்பதற்கென்றே ஐரோப்பிய ஒன்றியம் ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அதன் பெயர் இன்டர்ரெக் ஐரோப்பா.

திட்டம் எதற்குப் பணம் தருகிறது

ஐரோப்பிய பிராந்திய வளர்ச்சி நிதியிலிருந்து இந்தத் திட்டத்துக்குப் பணம் வருகிறது. 2014–2020 காலத்துக்கு 35.9 கோடி யூரோ ஒதுக்கினார்கள். 2021–2027 காலத்துக்குத் தொடக்க ஒதுக்கீடு சுமார் 38 கோடி யூரோ. ஒன்றியத்தின் 27 நாடுகளோடு நார்வேயும் சுவிட்சர்லாந்தும் இதில் இருக்கின்றன. பிறகு உக்ரைன், மால்டோவா, செர்பியா, அல்பேனியா, போஸ்னியா ஹெர்ஸகோவினா, மாண்டினீக்ரோ, வடக்கு மாசிடோனியா ஆகிய ஏழு நாடுகளும் சேர்ந்தன. திட்டத்தின் செயலகம் பிரான்சின் லீல் நகரில் இருக்கிறது.

ஏழு ஆண்டுக்கு, இத்தனை நாடுகளுக்குச் சேர்த்து, இது சின்னத் தொகைதான். காரணம், இந்தப் பணத்தில் தொழிற்பேட்டை கட்ட முடியாது, நிறுவனங்களுக்கு மானியம் தர முடியாது. அதிகாரிகள் ஒருவரிடம் ஒருவர் கற்பதற்கு ஆகும் செலவுதான் இதில் அடங்கும்: ஊழியர் நேரம், பயணம், பட்டறை, வெளி நிபுணர் கட்டணம். ஒரு யோசனையைச் சின்ன அளவில் சோதித்துப் பார்க்கும் முன்னோட்டச் செயலுக்கும் இப்போது இடம் உண்டு. கற்றதைச் செயல்படுத்த ஆகும் பெரிய செலவு பிராந்தியத்தின் சொந்த நிதியிலிருந்தோ வேறு ஐரோப்பிய நிதியிலிருந்தோதான் வரவேண்டும்.

நடப்புக் காலத்தில் ஒன்றிய நாடுகளின் அரசு அமைப்புகளுக்குச் செலவில் 80 சதவீதமும், லாப நோக்கமற்ற தனியார் அமைப்புகளுக்கு 70 சதவீதமும் கிடைக்கும். மீதியைத் தாங்களே போட வேண்டும். லாப நோக்கில் நடக்கும் நிறுவனங்கள் பங்காளியாகச் சேர்ந்து நிதி பெற முடியாது. குழுமக் கொள்கையைப் பற்றிய திட்டத்தில் தொழில் நிறுவனங்களையே வெளியே நிறுத்துவதா என்று முதலில் படிப்பவருக்குத் தோன்றும். அவர்களுக்கு வேறு வாசல் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

எந்தக் கொள்கையை மாற்றப் போகிறீர்கள்?

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று உண்டு. விண்ணப்பிக்கும்போதே ஒவ்வொரு பிராந்தியமும் தான் மேம்படுத்தப் போகும் கொள்கைக் கருவி, அதாவது நிதித் திட்டமோ விதியோ, எது என்று பெயர் சொல்ல வேண்டும். ‘குழுமங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்’ என்று எழுதினால் போதாது. பிராந்தியத்தின் இன்ன செயல்திட்டத்தில், இன்ன பிரிவின் கீழ், குழும அமைப்புகளுக்கு நிதி தரும் முறையை மாற்றப் போகிறோம் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தக் கருவியைக் கையில் வைத்திருக்கும் துறை பங்காளியாக இருக்க வேண்டும், அல்லது உடன்பட்டு ஆதரவுக் கடிதம் தர வேண்டும்.

சாதாரண ஆய்வுப் பயணத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வருகிறது. சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருபவர் அழகான கட்டடத்தையும் நல்ல விளக்கக் காட்சியையும் நினைவில் வைத்திருப்பார். மாற்ற வேண்டிய விதி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு போகிறவர் வேறு மாதிரிக் கேட்பார்: உங்கள் நிதி அறிவிப்பில் தகுதி எப்படி எழுதினீர்கள், மூன்றாம் ஆண்டில் மானியத்தைக் குறைத்தபோது யார் எதிர்த்தார்கள், உறுப்பினர் கட்டணம் ஒழுங்காக வசூலாகிறதா? இப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பதிலைத்தான் ஊருக்குத் திரும்பியதும் அரசாணையாக எழுத முடியும்.

எது ‘மேம்பாடு’ என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது. கற்றதை வைத்து அந்தக் கருவியின் கீழ் புதிய வகைப் பணிகளுக்கு நிதி தந்திருக்கலாம். கருவியை நிர்வகிக்கும் முறை மாறியிருக்கலாம், உதாரணமாகத் தேர்வு முறையோ மதிப்பீட்டு முறையோ. அல்லது கருவியின் நோக்கமே திருத்தி எழுதப்பட்டிருக்கலாம். இந்த மூன்றில் ஒன்றாவது நடந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும்.

பல நாட்டுப் பிராந்தியங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டுப்பணி இப்போது மூன்று ஆண்டு முதன்மைக் கட்டமாகவும் ஓராண்டு தொடர்கட்டமாகவும் ஓடுகிறது. முந்தைய காலத்தில் கற்றதை எப்படிச் செயல்படுத்துவோம் என்று எல்லாப் பிராந்தியங்களும் செயல்திட்ட அறிக்கை ஒன்று எழுதியே ஆக வேண்டியிருந்தது. இப்போது அதைத் தளர்த்தியிருக்கிறார்கள். முதன்மைக் கட்டத்திலேயே கொள்கை மாறிவிட்டால் அறிக்கை தேவையில்லை. மாறாதவர்கள் மட்டும் எழுத வேண்டும். நல்ல திருத்தம்தான். நடந்து முடிந்த ஒன்றுக்குத் திட்டம் எழுதச் சொல்வதில் என்ன பயன்?

நிறுவனங்களுக்கான வாசல் இதற்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு பிராந்தியமும் சம்பந்தப்பட்டவர்களின் குழு ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். குழும மேலாளர்கள், தொழில் சங்கங்கள், பல்கலைக்கழகங்கள், நிறுவனங்கள் இதில் இடம்பெறலாம். அவர்களையும் வெளிநாட்டுப் பயணத்துக்கு அழைத்துப் போகலாம். சரியாக நடத்தினால் இந்தக் குழுவால் கிடைக்கும் பயன் பயணத்தைவிட அதிகம். ஒரே ஊரில் இருந்தும் சேர்ந்து உட்கார்ந்து பேசாத துறைகள் பேச ஆரம்பிப்பதே இந்தச் சாக்கில்தான்.

கற்றுக்கொள்வதற்கு அப்படி என்ன இருக்கிறது

நிறையவே இருக்கிறது. ஏனென்றால் ஐரோப்பாவில் ஆளுக்கொரு வழியில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

ஸ்பெயினின் பாஸ்க் பகுதி 1990களின் தொடக்கத்திலேயே இறங்கிவிட்டது. எஃகும் கப்பல் கட்டும் தொழிலும் சரிந்து வேலையில்லாத் திண்டாட்டம் கடுமையாக இருந்த நேரம் அது. போர்ட்டரின் ஆலோசனை நிறுவனத்தை வைத்து ஆய்வு செய்தார்கள். பிறகு இயந்திரக் கருவிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள் போன்ற துறைகளில் ஏற்கெனவே இருந்த வலுவின் மேல் குழும அமைப்புகளைக் கட்டினார்கள். புதிதாக எதையும் வானத்திலிருந்து இறக்கவில்லை. அரசாங்கங்கள் மாறினாலும் கொள்கை தொடர்ந்தது. அதே சமயம் அப்படியே உறைந்தும் போகவில்லை. குழும அமைப்புகள் பெருகிப் போனபோது, சின்னவற்றை ஒன்றோடு ஒன்று சேரச் சொல்லி விதியை மாற்றினார்கள். இங்கே வந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் அமைப்பின் வரைபடத்தைத்தான் எடுத்துப் போகிறார்கள். எடுத்துப் போக வேண்டியது பொறுமையை என்று நினைக்கிறேன். ஆனால் அதை எந்த நிதி அறிவிப்பிலும் எழுத முடியாது.

பிரான்ஸ் போன வழி வேறு. அங்கே நடந்தது தேசிய அளவிலான போட்டி. ‘போட்டித்திறன் மையங்கள்’ என்ற பட்டத்துக்கு 105 விண்ணப்பங்கள் வந்தன. 2005 ஜூலையில் 67க்கு அங்கீகாரம் கொடுத்தார்கள். முதல் மூன்று ஆண்டுக்கு 150 கோடி யூரோ. கேட்டவர்களில் பாதிக்கு மேல் பெற்றால் அது தேர்வா, விநியோகமா என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. ஆனால் பிரான்சிடம் கற்க வேண்டியது அடுத்து நடந்ததை. 2008 இல் வெளியாட்களை வைத்து எல்லா மையங்களையும் மதிப்பிட்டார்கள். அப்போது இருந்த 71 இல் 39 இலக்கை எட்டியிருந்தன, 19 ஓரளவு எட்டியிருந்தன, 13 தேறவில்லை. 2010 இல் ஆறு மையங்களின் அங்கீகாரத்தை எடுத்துவிட்டார்கள். கொடுத்த பட்டத்தைத் திரும்ப வாங்குவது எந்த அரசுக்கும் எளிதல்ல. உள்ளூர் அரசியல்வாதி, தொழிலதிபர், பத்திரிகை என எல்லாரும் எதிர்ப்பார்கள். மதிப்பீட்டு நாளையும் அளவுகோலையும் முதலிலேயே எழுதி வைத்திருந்தால்தான் அதைச் செய்ய முடியும்.

ஜெர்மனி 2007 இல் தொடங்கிய உச்சக் குழுமப் போட்டி இதற்கு நேர் எதிர். மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து, மொத்தம் 15 குழுமங்கள் மட்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டில் 4 கோடி யூரோ வரை, அதற்கு ஈடாக நிறுவனங்களும் பணம் போட வேண்டும். ஏற்கெனவே வலுவாக இருப்பவர்களை இன்னும் உயர்த்தும் முறை இது. பலவீனமான பிராந்தியம் இதை அப்படியே காப்பியடித்தால் அதன் ஒரே நல்ல குழுமத்துக்கு எல்லாப் பணமும் போய்விடும். ஸ்வீடனின் வின்வேக்ஸ்ட் திட்டம் காலத்தை நீட்டியது. வென்ற குழுமத்துக்குப் பத்து ஆண்டு வரை, ஆண்டுக்கு ஒரு கோடி க்ரோனர் வரை ஆதரவு. இடையிடையே மதிப்பீடு உண்டு. பிராந்தியமும் ஈடாகப் பணம் போட வேண்டும்.

இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது சிறந்தது என்ற கேள்விக்கே அர்த்தம் போய்விடுகிறது. கேட்க வேண்டியது, நம் பிராந்தியத்தில் எந்தக் குறை இருக்கிறது என்பதை. நிறுவனங்கள் ஒருவரை ஒருவர் நம்பாத இடத்தில் ஆய்வு மானியம் வேலை செய்யாது. நம்பிக்கை வளர ஒரு நல்ல மேலாளரும் சில ஆண்டுகளும் வேண்டும். நம்பிக்கை இருந்தும் ஆய்வகத் தொடர்பு இல்லாத இடத்தில் இன்னொரு வலையமைப்புக் கூட்டம் நடத்திப் பயன் இல்லை.

மேலாளரைப் பற்றி இன்னும் கொஞ்சம். குழும அமைப்பில் முழுநேரமாக வேலை செய்பவர்கள் பெரும்பாலும் ஒரு சிலரே. பொதுநிதி நின்ற மறுநாள் அலுவலகம் மூடினால் அத்தனை ஆண்டுச் செலவும் வீண். அதனால் பல அரசுகள் மானியத்தை ஆண்டுக்கு ஆண்டு குறைத்து, உறுப்பினர் கட்டணமும் சேவை வருமானமும் அந்த இடத்தை நிரப்பும்படி செய்கின்றன. இதில் ஓர் ஆபத்தும் உண்டு. வேகமாகக் குறைத்தால் மேலாளர் குழுமத்தைக் கவனிப்பதை விட்டு, கட்டணத்துக்கு ஆலோசனை விற்கப் போய்விடுவார். எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டில் என்பதை இன்னொரு பிராந்தியத்தின் கணக்கைப் பார்த்துத்தான் ஓரளவு ஊகிக்க முடியும். நிர்வாகத் தரத்தை அளக்க வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று ஐரோப்பிய முத்திரை முறையும் இருக்கிறது. அது மேலாண்மையை அளக்கும். குழுமத்தில் இருக்கும் நிறுவனங்கள் வளர்ந்ததா என்பதை அளக்காது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கூட்டுப்பணி இல்லாமலும் கேட்கலாம்

நான்கு ஆண்டு காத்திருக்க முடியாதவர்களுக்குத் திட்டத்தின் கொள்கைக் கற்றல் தளம் இருக்கிறது. மற்ற பிராந்தியங்களின் நல்ல நடைமுறைகள் அதில் தொகுக்கப்பட்டிருக்கின்றன. நிபுணர்கள் சரிபார்த்த பிறகே அவை வெளியாகும். குறிப்பான கேள்வி இருந்தால் உதவி மேசைக்கு எழுதலாம்.

இதில் சிறந்தது சக மதிப்பாய்வு. சிக்கலில் இருக்கும் பிராந்திய அரசு விண்ணப்பித்தால், அதே வேலையைச் செய்யும் வேறு பிராந்திய அதிகாரிகள் சிலர் நேரில் வருவார்கள். பொதுவாக இரண்டு நாள். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசி, கடைசியில் பரிந்துரை தருவார்கள். வருபவர்கள் ஆலோசனை விற்பவர்கள் அல்லர். அதே மாதிரி நிதி அறிவிப்பை எழுதி, அதே மாதிரி தணிக்கைக்குப் பதில் சொன்னவர்கள். அதனால் பேச்சு சீக்கிரம் விஷயத்துக்கு வந்துவிடும். முழு மதிப்பாய்வு வேண்டாம் என்றால் குறுகிய நேரச் சந்திப்பாக ஏற்பாடு செய்யும் வசதியும் உண்டு. உள்ளூர்ச் சிக்கலை எவ்வளவு ஒளிவுமறைவு இல்லாமல் முன்வைக்கிறார்களோ அவ்வளவுதான் பதிலும் கிடைக்கும். விருந்தாளி வந்திருக்கிறார் என்று நல்லதை மட்டும் காட்டினால் இரண்டு நாளும் பாராட்டிலேயே போய்விடும்.

எங்கே இடறுகிறது

முதலில், ஆள் மாறுவது. மூன்று ஆண்டில் பயணம் போய்க் கற்ற அதிகாரி இடம் மாறினால், படிப்பு அவரோடு போய்விடும். ஒருவரையே எல்லாக் கூட்டத்துக்கும் அனுப்புவது வசதிதான், ஆனால் அதில்தான் இந்த ஆபத்து இருக்கிறது. அப்புறம், காலம். பிராந்தியத்தின் பெரிய நிதித் திட்டங்கள் ஏழு ஆண்டுச் சுழற்சியில் எழுதப்படுகின்றன. பணமெல்லாம் ஒதுக்கி முடிந்த பிறகு கற்ற பாடம் அடுத்த சுழற்சி வரைக்கும் அலமாரியில் கிடக்கும். ஆகவே அந்தச் சுழற்சியின் நடுவே திருத்தக்கூடிய சின்னக் கருவியைத் தேர்ந்தெடுப்பவர்கள் புத்திசாலிகள்.

இன்னொன்று, விளைவை யாருக்கு வரவு வைப்பது என்பது. குழுமத்தில் சேரும் நிறுவனங்கள் பெரும்பாலும் முன்பே சுறுசுறுப்பானவை. அவை வளர்ந்தால் அது கொள்கையால்தானா? குழுமத்துக்கு வெளியே இருக்கும் ஒத்த நிறுவனங்களோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும். அதற்கான தரவைத் திட்டம் முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது. முதல் நிதி அறிவிப்பிலேயே, மானியம் வாங்கும் அமைப்பு ஆண்டுதோறும் உறுப்பினர் பட்டியலைத் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்க வேண்டும்.

விண்ணப்பிக்க நினைக்கும் பிராந்தியம் தனியாகப் போக முடியாது. வெவ்வேறு நாட்டுப் பங்காளிகள் வேண்டும். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என ஐரோப்பாவின் நான்கு பகுதிகளிலிருந்தும் ஆட்கள் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அழைப்பு எப்போதும் திறந்திருக்காது. சுற்றுச் சுற்றாக வரும், நடப்புக் காலத்தின் முதல் அழைப்பு 2022 இல் வந்தது. குழும அமைப்பு நடத்துபவரோ சிறு நிறுவனமோ என்றால் லீலுக்கு எழுத வேண்டியதில்லை. உங்கள் பிராந்திய அரசின் பொருளாதார வளர்ச்சித் துறையிடம், குழுமக் கொள்கை பற்றிய கூட்டுப்பணி எதிலாவது இருக்கிறீர்களா, சம்பந்தப்பட்டவர்கள் குழுவில் எங்களைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள்.