விளக்கு எரியவில்லை என்றால் எல்லாம் சரியா?

இந்த ஆண்டில் இப்படி என்னிடம் வந்த நான்காவது கார் இது. நான்கும் இருவர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்கள். நான்கும் பத்து வயதைத் தாண்டியவை. தயாரித்த நிறுவனம் இலவசமாக மாற்றித் தருவதாக எப்போதோ அறிவித்த ஏர்பேக் பாகம், நான்கிலும் மாற்றப்படாமலே கிடந்தது. உரிமையாளர்கள் நால்வரும் பேசிவைத்துக்கொண்டதுபோல ஒன்றையே சொன்னார்கள்: "டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியவில்லையே அண்ணா."

கிண்டி தொழிற்பேட்டை பக்கம் சிறிய பணிமனை வைத்து வெளிநாட்டுக் கார்களைப் பழுதுபார்த்து வருகிறேன். 26 ஆண்டுகளாகிறது. இப்போதெல்லாம் இந்தப் பேச்சைக் கேட்டால் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன். கோபத்தில் கைதவறிப் போட்டுவிடக் கூடாதல்லவா.

நான்காவது கார் 2008இல் தயாரானது. கூரை மடங்கும் ஜெர்மன் வண்டி. டெல்லிப் பகுதியில் 15 வயதான பெட்ரோல் கார்களுக்கும் 10 வயதான டீசல் கார்களுக்கும் விதித்த தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. கெடு நெருங்கும் வண்டிகள் பல, என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வாங்கிக்கொண்டு தெற்கே வந்துவிட்டன. இதுவும் அப்படி லாரியில் ஏறி வந்ததுதான். இங்கே அதற்கு மூன்றாவது உரிமையாளர், பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் வேலை பார்க்கும் ஒரு தம்பி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் வரை ஒரு சுற்று; மற்ற நாட்களில் திருவான்மியூரில் உறை போட்டு வெயிலில் நிற்கும்.

என்னிடம் வந்தது ஏசி குளிரவில்லை என்று. புதிதாக வரும் எந்த வண்டியானாலும் முதலில் சேஸிஸ் எண்ணைக் குறித்து ரீகால், அதாவது அந்த இலவச மாற்று அறிவிப்பு, ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று விசாரிப்பது என் வழக்கம். இருந்தது. ஓட்டுநர் பக்கமும் பக்கத்து இருக்கைப் பக்கமும் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர்களை, அதாவது மோதலின்போது வாயுவை உண்டாக்கி ஏர்பேக்கை விரிக்கும் உலோகக் குப்பிகளை, மாற்ற வேண்டும்.

"வாரண்டி முடிந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது போய் நின்றால் பில் போட்டுத் தீட்டிவிடுவார்கள்" என்றார்.

வாரண்டி வேறு, ரீகால் வேறு. வாரண்டி என்பது விற்றவர் தந்த வாக்கு. அதற்குக் காலக்கெடு உண்டு. ரீகால் என்பது பாகத்தில் கோளாறு இருப்பதாகத் தயாரித்தவரே ஒப்புக்கொள்வது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் அந்த வேலைக்குக் கட்டணம் கிடையாது. இதைச் சொன்னதும் அவருக்கு ஓரளவு புரிந்தது. ஆனால் அடுத்து அந்த விளக்குப் பேச்சு வந்தது.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு சில நொடிகள் எரிந்து அணைகிறது. அந்த நொடிகளில் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்வது இவ்வளவுதான்: ஒயர் வழியாக மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, மறுமுனையில் இருக்கும் பற்றவைப்பானின் மின்தடையை அளக்கிறது. சுமார் இரண்டு ஓம் வந்தால் அதற்குத் திருப்தி, விளக்கை அணைத்துவிடும். அதற்கு அப்பால் இருக்கும் உலோகக் குப்பியையோ, குப்பிக்குள் இருக்கும் வேதிப்பொருள் வில்லைகளையோ, அவை 15 ஆண்டு வெயிலிலும் ஈரத்திலும் என்ன கதியானது என்பதையோ அது பார்ப்பதே இல்லை. பார்க்க அதற்குக் கண் கிடையாது. வீட்டில் கேஸ் அடுப்பு லைட்டரைத் தட்டினால் பொறி வருகிறது. பொறி வந்துவிட்டது, ஆகவே சிலிண்டர் டியூபில் விரிசல் இல்லை என்று யாராவது சொன்னால் சிரிப்பீர்களா, மாட்டீர்களா? எட்டு நொடி எரிந்தது, ஆறு நொடி எரிந்தது என்று கைப்பேசியில் படமெடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். அறுபது நொடி எரிந்தாலும் வில்லையின் நலம் தெரியாது ஐயா! ஸ்கேனர் போட்டுப் பிழை ஒன்றும் வரவில்லை என்பதும் இதே கதைதான். விளக்கு சொல்லும் அதே செய்தியை ஸ்கேனர் எழுத்தில் காட்டும், அவ்வளவே.

வில்லைகள் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த சான்று இருக்கிறது. ஜப்பானிய நிறுவனமான டகாட்டா, ஈரம் உறிஞ்சும் பொருள் சேர்க்காமல் அம்மோனியம் நைட்ரேட்டை நிரப்பித் தயாரித்த இன்ஃப்ளேட்டர்கள், ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் ஈரத்திலும் இருந்தபின், ஏர்பேக் விரியும் நேரத்தில் தாமே வெடித்து உலோகச் சில்லுகளை முகத்திலும் கழுத்திலும் வாரி இறைத்தன. லேசான மோதலில்கூட உயிர் போயிருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் ரீகாலுக்கு உள்ளாயின; நிறுவனம் 2017 ஜூனில் திவாலானது. குடும்பக் கார்களோடு ஃபோர்டு மஸ்டாங், மாஸ்டா ஆர்.எக்ஸ்-8, ஃபெராரி 458 ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. விலை உயர்ந்த வண்டி என்பதால் வேதியியல் சலுகை தருவதில்லை. 2005 முதல் 2010 வரை தயாரான டாட்ஜ் சார்ஜர், சேலஞ்சர் போன்ற கார்களின் உரிமையாளர்களிடம், பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்டவே வேண்டாம் என்று 2022 நவம்பரில் கேட்டுக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் முதலில் கவனித்தது புளோரிடா போன்ற புழுக்கமான மாநிலங்களைத்தான். நம்மைப் போன்ற வானிலை கொண்ட மலேசியாவிலும் மரணங்கள் நடந்திருக்கின்றன. சென்னையின் புழுக்கத்தைப் பற்றிச் சென்னைக்காரர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டுவதில்லை" என்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: இது டயர் அல்ல, ஓடினால் தேய. உறைக்குள் சும்மா நிற்கும்போதும் இதற்கு வயதாகிறது.

அறிவிப்புக் கடிதம் ஏன் வரவில்லை என்று அந்தத் தம்பி கேட்டார். வந்திருக்கும், டெல்லியில் முதல் உரிமையாளரின் வீட்டுக்கு. சட்டமும் பழைய வண்டியைத் தேடி வராது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது சேர்த்த 110ஏ பிரிவின்படி அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். ஆனால் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அதன் விதிகள் ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தான். அதற்கு மூத்த வண்டி என்றால், தயாரிப்பாளர் முன்பே அறிவித்ததை நாம்தான் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு, என் தொல்லை தாங்காமல் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினார். பக்கத்து இருக்கையின் முன்னால் டேஷ்போர்டைத் திறந்தபோது அங்கே ஏர்பேக்கே இல்லை. மஞ்சள் கனெக்டரில் பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்தடைத் துண்டு, செருகியிருந்தது. முன்பு எப்போதோ நடந்த விபத்தில் ஏர்பேக் விரிந்துவிட, யாரோ புதியது வாங்கும் செலவை மிச்சப்படுத்தி, இரண்டு ஓம் ரெசிஸ்டரால் பெட்டியை ஏமாற்றி, மேலே அழகாக மூடி விற்றிருக்கிறார்கள். விளக்கு அந்தப் பொய்யையும் நம்பி ஒவ்வொரு காலையும் ஒழுங்காக அணைந்திருக்கிறது. இருவர் வண்டியில் பின்னிருக்கை ஏது? ஆறு வயது மகளை அந்த இருக்கையில்தான் கோவளத்துக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவர் விளக்கைப் பற்றிப் பேசவில்லை.

இனி, இப்படிப் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு.

சேஸிஸ் எண் ஆர்.சி.யில் இருக்கிறது, முன்கண்ணாடியின் கீழ் மூலையிலும் பெரும்பாலும் தெரியும். 17 எழுத்தும் இலக்கமும். அதில் ஆங்கில ஓ எழுத்தே வராது, பூஜ்யம்தான்; இந்தக் குழப்பத்தால் "உங்கள் வண்டி பட்டியலில் இல்லை" என்ற பதிலோடு திரும்பியவர்கள் உண்டு. எண்ணைச் சர்வீஸ் சென்டரில் கொடுத்து, பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம். வண்டி தனியாக இறக்குமதி ஆனதென்றால் இங்குள்ள கணினியில் விவரம் வராமல் போகலாம். தாய் நிறுவனத்தின் பதிவில் பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள். அப்படியே உங்கள் பெயரையும் முகவரியையும் பதியச் சொல்லுங்கள். அடுத்த கடிதமாவது சரியான வீட்டுக்கு வரட்டும்.

"முன்பே ஒருமுறை மாற்றியாகிவிட்டது" என்றால் எந்த ஆண்டில் என்று பாருங்கள். நல்ல பாகம் கைக்கு வராத காலத்தில், அதே வகையிலேயே புதியதைத் தற்காலிகமாகப் பொருத்தி அனுப்பியதுண்டு. அவற்றை மறுபடி மாற்ற வேண்டும்.

பாகம் வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். எடுத்துப் போக வேண்டுமென்றால் பிளாட்பெட் லாரியில் போகட்டும். ஃபியூஸைப் பிடுங்குவது, மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது, தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஸ்டீயரிங்கைக் கழற்றுவது எல்லாம் கூடாது. மீட்டர் விடும் மின்சாரமே அதை வெடிக்க வைக்கலாம். பழக்கப்பட்ட நாங்களே பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்துதான் மஞ்சள் ஒயரைத் தொடுகிறோம்.

பழைய கார் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் எனக்கு வேண்டிய கடைக்காரர்கள் நிறைய. கதவு, கண்ணாடி, கியர்பாக்ஸ் வரை வாங்கியிருக்கிறேன். ஏர்பேக் மட்டும் வாங்கியதில்லை, நீங்களும் வாங்காதீர்கள். அது எந்த வண்டியிலிருந்து கழன்றது, அந்த வண்டிக்கே ரீகால் பாக்கி இருந்ததா, 2015 வெள்ளத்திலோ 2023 வெள்ளத்திலோ மூழ்கிக் கிடந்ததா என்று யாருக்குத் தெரியும்?

வேலை முடிந்ததும் ரீகால் எண் குறிப்பிட்ட ஜாப் கார்டைக் கேட்டு வாங்கி ஆர்.சி.யோடு வையுங்கள். வண்டியை விற்கும்போது அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

அந்தத் தம்பியின் காரில் ஓட்டுநர் பக்கம் மாற்றியாகிவிட்டது, காசில்லாமல். பக்கத்து இருக்கைக்கு முழு ஏர்பேக்கையும் அவர் சொந்தக் காசில் வரவழைக்க வேண்டியிருக்கிறது. ரீகால் பழுதானதைத்தான் மாற்றும், காணாமல் போனதைத் தராது. வண்டி இப்போது உறைக்குள் காத்திருக்கிறது. நேற்று தொலைபேசியில் அழைத்து, "அண்ணா, அந்த ஏசி?" என்றார். அது மெதுவாக ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.